போலிப் பாஞ்சாலிகள்

சித்திரை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே பெரியப்பா மீசையை எடுத்துவிடுவார். ஆடி முடிகிற வரைக்கும் அவர் முகத்தில் மீசை இருக்காது. பள்ளிக்கூட நாட்களில் கோடை வந்துவிட்டது என்பதை நான் அவர் மேலுதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில் எங்கள் ஊர். பெரியப்பா கூத்தாடி. முப்பது வருஷத்துக்கு மேல் பெண் வேஷம் மட்டுமே கட்டினார். சுபத்திரை, சந்திரமதி, பொன்னுருவி என்று பல வேஷங்கள் இருந்தாலும் ஊர் அவருக்கு வைத்த பெயர் பாஞ்சாலி. கழனி வேலைக்குக் கூப்பிடும்போதுகூட "யோவ் பாஞ்சாலி, நாளைக்கு நடவு கீது, வந்துடு" என்பார்கள். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று சொல்வது கஷ்டம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே பெரியப்பா. தோளில் தவிட்டு மூட்டை. நீள முடியைக் கொண்டையாக முடிந்திருந்தார். இமையோரத்தில் முந்தின ராத்திரியின் மை கொஞ்சம் மிச்சமிருந்தது. எங்களில் ஒருவன் அவர் நடையைப் பார்த்து, அதே மாதிரி இடுப்பை ஒடித்து நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். "யார்றா இது, உங்க ஊர் பஸ்ல ஏறுது?" என்று என்னைக் கேட்டான்.

"தெர்லடா" என்றேன். நானும் சிரித்தேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. வேறு பக்கம் திரும்பி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

பல வருஷம் கழித்து, பழைய தமிழ்ப் படங்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1940ஆம் ஆண்டின் கீழ் ஒரு பெயர் கண்ணில் பட்டது: 'போலி பாஞ்சாலி'. ஆள்மாறாட்டமும் ஏமாற்று வேலையுமாகப் போகும் ஒரு குட்டிச் சிரிப்புப்படம். விழுவது, அடிப்பது, அடிவாங்குவது வகை. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்கியது.

*

இன்றைக்கு நாம் ரீல்ஸ் பார்க்கிற மாதிரி, அன்றைக்கும் குட்டிப்படங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. முழுநீளப் படத்தோடு கொஞ்சமும் சம்பந்தமில்லாத சிரிப்புப்படம் ஒன்றைக் கூடவே ஒட்டி ஓட்டுவது அந்தக் காலத்து வழக்கம். 1939இல் 'சிரிக்காதே' என்று பெயர் வைத்து, பல குட்டிச் சிரிப்புக் கதைகளை ஒன்றாகக் கோத்து ஒரு படமாகவே வெளியிட்டார்கள். முழுநீளப் படங்களுக்குள்ளும் என்.எஸ்.கிருஷ்ணன் போன்றவர்களின் நகைச்சுவை தனி ரயில்பெட்டி மாதிரிதான் ஓடியது. கழற்றி எடுத்தாலும் கதை நிற்காது.

இந்தக் குட்டிப்படங்களுக்கு நேரம் குறைவு. பத்து இருபது நிமிஷத்துக்குள் ஆளை அறிமுகப்படுத்தி, சிக்கலை உண்டாக்கி, சிரிக்கவைத்து அனுப்ப வேண்டும். அதற்கு ஆள்மாறாட்டத்தைவிடக் குறுக்குவழி இல்லை. ஒருவனுக்கு இன்னொருவன் உடுப்பைப் போட்டுவிட்டால் போதும், கதை தானாக ஓடும். உலகம் முழுக்க இதே கதைதான். 1915இல் வந்த 'எ வுமன்' படத்தில் சார்லி சாப்ளின் தன் மீசையை எடுத்துவிட்டுப் பெண்ணாக வருவார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் பிளாட்டஸ் எழுதிய இரட்டையர் நாடகத்தைத்தான் ஷேக்ஸ்பியர் எடுத்து, ஒரு ஜோடி இரட்டையர் போதாது என்று வேலைக்காரர்களையும் இரட்டையராக்கி 'காமெடி ஆஃப் எரர்ஸ்' செய்தார்.

தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் உருவத்தை விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. 1941இல் ஏவி.எம். அதைப் படமாக்கியபோது எஜமானாக டி.ஆர்.ராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என்.ரத்தினமும் நடித்தார்கள். அடுத்த வருஷமே ஏவி.எம்.மிடமிருந்து 'என் மனைவி'. யார் யாருடைய மனைவி, யாருக்கு யார்மேல் சந்தேகம் என்ற குழப்பம்தான் கதை. மராத்தி நாடகம் ஒன்றிலிருந்து வந்தது. அதன் வேர் பிரான்ஸில் மோலியேரிடம் இருக்கிறது. பிறகு 'காதலிக்க நேரமில்லை' (1964), 'தில்லு முல்லு' (1981), 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) என்று நாம் இன்றைக்கும் டயலாக்கை மனப்பாடமாகச் சொல்லும் படங்கள் எல்லாமே ஒருவரை இன்னொருவர் என்று நம்பவைக்கும் கதைகள்தான்.

ஆனால் 'போலி பாஞ்சாலி' என்ற பெயரில் இவற்றில் எதற்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. 1940இல் அந்தப் பெயரை போஸ்டரில் பார்த்த ஒரு கிராமத்து ஆளுக்கு அதைக் கேட்டதுமே சிரிப்பு வந்திருக்கும். காரணம், பாஞ்சாலியை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். ஊர்க் கோடியில், மண்தரையில், விடிய விடிய. அவர் பார்த்த ஒவ்வொரு பாஞ்சாலியும் ஆம்பளை.

*

பாரதத்தில் ஆள்மாறாட்டம் கதைக்கு நடுவில் வருகிற வேடிக்கை கிடையாது. அதுவே கதையின் ஒரு பெரிய பாகம். அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர்கள் ஒரு வருஷம் முழுக்க வேறு ஆட்களாக வாழ்கிறார்கள். தருமன் சூதாட்டத் துணைவன், பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் பேடி, பாஞ்சாலி ராணிக்குத் தலைவாரும் வேலைக்காரி. அவள்மேல் கண்வைக்கும் கீசகனை ராத்திரி நடனசாலைக்கு வரச் சொல்கிறாள். அங்கே இருட்டில் அவளுக்குப் பதிலாகக் காத்திருப்பவன் பீமன். ஆசையோடு தொடுகிறான் கீசகன். தொட்ட கை நொறுங்குகிறது.

அதாவது, முதல் போலிப் பாஞ்சாலி பீமன்தான்.

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படமும் இதேதான். வேலூர்க்காரரான ஆர்.நடராஜ முதலியார், சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனேயில் ஒரு வெள்ளைக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டு 1917–18இல் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்'. இன்றைக்கு அந்தப் படத்தின் பிரதி இல்லை. அவருக்கு உதவியவர்களில் ஒருவர் ரங்கவடிவேலு. தொழிலால் வக்கீல். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் அவருக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டியவர். பெண் வேஷத்தில் பேர் வாங்கிய ஒருவர், ஆம்பளை பெண்ணாக மறைந்திருக்கும் ஒரு கதையை முதன்முதலாகப் படமாக்க உதவியிருக்கிறார்.

ஆனால் நடராஜ முதலியாரின் படத்தில் பாஞ்சாலியாக நடித்தது ஜீவரத்தினம் என்ற பெண். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. சில வருஷம் முன்னால் 1913இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது நடிக்க எந்தப் பெண்ணும் வரவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆளைத் தாராமதியாக்கினார். 1917இல் 'லங்கா தகன'த்தில் அதே சாளுங்கே ராமனாகவும் நடித்தார், சீதையாகவும் நடித்தார். அதைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. பெண் நடிக்க வராத இடத்தில் ஆம்பளை நடித்தால் அது வேஷம். பெண் நடிக்க வந்த பிறகும் ஆம்பளை நடித்தால், அப்போதுதான் அது 'போலி' ஆகிறது.

1930களில் தமிழ் சினிமாவுக்கு நடந்தது இதுதான். பேசும்படம் வந்தது, நடிகைகள் வந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் பத்து வயதிலேயே புடவை கட்டிப் பாடிய பையன்கள் வளர்ந்து சினிமாவுக்குள் நுழைந்தபோது, அந்தப் புடவைக்கு மிச்சமிருந்த ஒரே இடம் சிரிப்புக்காட்சி. 'சபாபதி'யில் வேலைக்காரனாக நம்மைச் சிரிக்கவைக்கும் ரத்தினத்துக்கு முன்னால் 'காளி' என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது நாடக மேடையில் காளி வேஷம் கட்டியதால் வந்தது. மேடை அவருக்கு அம்மன் பெயரைக் கொடுத்தது. சினிமா அதை டைட்டிலில் மட்டும் வைத்துக்கொண்டு அவரிடம் காமெடியை வாங்கிக்கொண்டது.

இதே காலத்தில் மறுபக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. பெண்கள் ஆண் வேஷம் கட்டினார்கள், ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. நடுவில் 1940இல் 'போலி பாஞ்சாலி'. ஆண் பெண்ணாவது சிரிப்பாகிவிட்டது. பெண் ஆணாவது மேலே ஏறுவது, ஆண் பெண்ணாவது கீழே இறங்குவது என்ற கணக்கு எங்கேயோ நமக்குள் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு அடியில் கிடப்பது இந்தக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1942இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'ஔவையார்' நாடகத்தில் டி.கே.சண்முகம் ஔவையாகவே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. 'ஔவை' சண்முகம் என்ற பெயரே நிலைத்தது. ஆனால் ஔவை கிழவி. இளமையையும் அழகையும் கழற்றி வைத்துவிட்டவள். ஆண் கட்டினாலும் நமக்குக் கூச்சம் வராத பெண் வேஷம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. 1996இல் கமல்ஹாசன் 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தபோது மாமி வேஷத்தை நாடே கொண்டாடியது. சண்முகத்துக்கு அது வணக்கம். இருந்தாலும், மேடையில் பக்தியாக இருந்தது திரையில் மறுபடி சிரிப்பாகத்தான் வந்து சேர்ந்தது.

*

கூத்தில் சிரிப்பு இல்லையா? வயிறு வலிக்கிற அளவுக்கு இருக்கிறது. கட்டியக்காரன் என்று ஒருத்தர் இருக்கிறார். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவர்தான், வந்த ராஜாவின் காலை வாருவதும் அவர்தான். துரியோதனனிடமே "யோவ், உங்கப்பனுக்குக் கண்ணு தெர்ல, உனக்கு இன்னாய்யா கேடு?" என்று கேட்பார்.

ஆள்மாறாட்டமும் அங்கே அடுக்கடுக்காக நடக்கும். குறவஞ்சிக் கதையில் பாஞ்சாலி குறத்தியாக மாறி அஸ்தினாபுரத்துக்குள் போவாள். அதாவது ஓர் ஆள், பெண் வேஷம் கட்டி, அந்தப் பெண்ணாகவே இன்னொரு வேஷம் கட்டுகிறார். போர்மன்னன் கதையில் அர்ச்சுனன் பெண்ணாகவும் கிருஷ்ணன் கிழவியாகவும் போய் போர்மன்னனை ஏமாற்றிப் போர்க்கருவிகளைக் கொண்டுவருகிறார்கள். இவை எல்லாம் வியாசர் சொன்ன கதைகள் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களைச் சுற்றி இந்தப் பக்கத்து ஜனங்கள் தாங்களே வளர்த்த கதைகள். பெண் வேஷக்காரன் தாடையைத் தடவிக் கட்டியக்காரன் "இன்னாடி, ஒருநாள் பழைய தாடி குத்துது" என்பார். கூட்டம் உருளும்.

ஆனால் அதே கூட்டம் துகில் அன்றைக்கு என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா நடுவில் நிற்பார். தலைமயிர் அவிழ்ந்து கிடக்கும். முகவீணை ஒரே இடத்தில் நின்று அழுதுகொண்டிருக்கும். துச்சாதனன் வேஷக்காரர் புடவையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷத்தைக் கலைக்காமலே இரண்டு பேரும் அம்மனைக் கும்பிடுவார்கள். துச்சாதனன் பாஞ்சாலியிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகுதான் புடவை. அதற்குள் முன்வரிசையில் யாருக்காவது அருள் வந்துவிடும். எங்கள் ஆயா, பெரியப்பாவைப் பெற்றவள், அன்றைக்கு மட்டும் பிள்ளையின் காலில் விழுவாள். மறுநாள் காலையில் அதே பிள்ளையை "எழுந்து மாட்ட அவுத்துக் கட்டுடா" என்று திட்டுவாள்.

ஆயாவுக்கு அது தன் பிள்ளை என்று தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். வேஷம் கட்டும் இடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பொடியன்களுக்கு, முத்துவெள்ளை பூசுவதிலிருந்து சவுரி வைத்துக் கட்டுவது வரை எல்லாம் தெரியும். எதுவும் மறைக்கப்படவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் கும்பிட முடிந்தது, எல்லாம் தெரிந்ததால் சிரிக்கவும் முடிந்தது. ஒரே ராத்திரியில், ஒரே ஆளைப் பார்த்து. குட்டிப்படம் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டது.

*

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் தெரிவது குடவோலைக் கல்வெட்டு. வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல் வெட்டியவை. ஸ்கூலில் எங்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முப்பது குடும்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, கால்வேலி நிலம் என்று மனப்பாடம் செய்தோம்.

பிறகு பெரியவனான பிறகு அதன் வாசகங்களைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. அந்தக் கல்வெட்டின் பெரும்பகுதி ஏமாற்று வேலையைத் தடுப்பதைப் பற்றியது. சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார் எல்லோரும் இருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும்.

ஐந்து விரலையும் விரித்து! விரலிடுக்கில் வேறு ஓலையைச் செருகி வைத்து ஆளை மாற்றிவிடுவான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒருவேளை அப்படி யாராவது செய்திருக்கவும் கூடும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின அந்த வரியில் ஒரு குட்டிச் சிரிப்புப்படமே ஒளிந்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போகும். எந்தப் பெண்ணின் பெயரும், கூத்தாடியான என் பெரியப்பாவின் முன்னோர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. ஆனாலும் அந்த விரித்த உள்ளங்கை எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. வேஷம் வேறு, ஏமாற்று வேறு. கூத்தாடி ஐந்து விரலையும் விரித்துக்கொண்டுதான் வேஷம் கட்டுகிறான். ஏமாற்றுகிறவன் கையை மூடிக்கொள்கிறான். 'போலி பாஞ்சாலி' மாதிரிக் கதைகளில் வருகிறவன் இந்த இரண்டாவது ஆள். கதைக்குள் இருப்பவர்களிடம் கையை மூடி, பார்க்கிற நம்மிடம் மட்டும் திறந்து காட்டுகிறான். அதனால்தான் நமக்குச் சிரிப்பு. நாம் செய்த தப்பு, அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கூத்தாடியையும் பார்த்தது.

பஸ் ஸ்டாண்டில் அன்றைக்குக் கையை மூடிக்கொண்டு நின்றவன் நான்.

*

1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தது. அப்படிப் பழகியவர்களின் ஆட்டம் ஒன்றுக்குப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆடுவதை அவர் நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. வெள்ளை மீசை வைத்திருந்தார். துரியோதனனாக வந்தது ஒரு பெண். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினாள். பெரியப்பா வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். "பொண்ணு இன்னா போடு போட்றா பாரு" என்றார். கூட்டத்தில் ஒருத்தரும் அவளைப் போலி என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பெரிப்பா, நான் ஒம்போதாவது படிக்கசொல்லோ ஒருநாளு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்தியே, நெனப்பு கீதா?"

"கீதே."

"நான் உன்ன யார்னு தெர்லன்னு சொன்னேன். உனக்கு காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சி."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஏரிக்கரை வந்துகொண்டிருந்தது.

"கூட்டாளிங்க முன்னாடி கூப்ட்டா உனக்கு ஒருமாரி பூடும்னு நானும் தெரியாதமாரி ஏறிக்கினேன். வேஷம் கட்றவன் நானு, எனக்கு அதுகூட தெரியாதாடா?"

பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் டீ நல்லா இருக்குமா என்று கேட்டார்.